டச்சுக் குடும்ப ஓவியங்களில் பக்தி எவ்வளவு, பவிசு எவ்வளவு?

#1 தூரிகை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற டச்சு ஓவியர் 1622 வாக்கில் வரைந்த ஐசக் மாசா, பியாட்ரிக்ஸ் தம்பதியின் படம். ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. மாசா ரஷ்யாவோடு வியாபாரம் செய்த ஹார்லெம் வணிகர். அந்த வருடம் ஏப்ரலில்தான் இருவருக்கும் கல்யாணம். மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, இப்போதுதான் ஏதோ பேசிச் சிரித்த முகத்தோடு நம்மைப் பார்க்கிறார்கள். 400 வருடத்துக்கு முந்தைய படம் என்றே தோன்றாது.

முதலில் அந்தச் சிரிப்பைத்தான் பார்த்தேன். செடிகள் அப்புறம்தான் கண்ணில் பட்டன. மாசாவின் பக்கத்தில் ஒரு முட்செடி. டச்சு மொழியில் அதன் பெயருக்கே 'ஆணின் விசுவாசம்' என்றுதான் பொருள். பியாட்ரிக்ஸின் காலடியில் ஐவிக் கொடி, பற்றிய மரத்தை விடாத கொடி அது. மாசா ஒரு கையை நெஞ்சில் வைத்திருக்கிறார். அவள் கை அவர் தோளில், மோதிரம் தெரியும்படி. பின்னால் தோட்டம், சிலைகள், நீரூற்று, உலாவும் ஜோடிகள்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு குழப்பம். இந்தக் குடும்பப் படங்கள் கல்யாணம், கற்பு, பிள்ளைப்பேறு பற்றி நல்லொழுக்கம் சொல்ல வந்தவையா? இல்லை, எங்களிடம் இவ்வளவு இருக்கிறது என்று ஊருக்குக் காட்ட வந்தவையா? இவற்றோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.

#2 தறிவீடு

நான் ஓவியம் படித்தவன் அல்ல, துணி பார்ப்பவன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி ஓடுகிறது. அதனால் செடியை விட்டுவிட்டு உடுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்தப் படங்களைப் பார்த்து 'எல்லோரும் கறுப்பு உடுத்தியிருக்கிறார்கள், எவ்வளவு எளிமை' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். ஆழமான, வெளுக்காத கறுப்பு அன்றைக்குச் சாதாரணமாகக் கிடைக்காது. மலிவான வழி, கடுக்காய் மாதிரித் துவர்ப்புள்ள ஓக் மரத்து மாசிக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்துச் சாயம் ஏற்றுவது. கறுப்பு வரும், ஆனால் இரும்பு நாளடைவில் நூலைத் தின்றுவிடும், நிறமும் பழுப்பாகிவிடும். நல்ல கறுப்பு வேண்டுமென்றால் முதலில் நீலத்தில் முக்கி, மேலே சிவப்பு ஏற்றி, அதற்கும் மேலே மறுபடி சாயம் போட வேண்டும். ஒரு துணிக்கு மூன்று துணியின் வேலை. பட்டிலும் உயர்ந்த கம்பளியிலும் அந்தக் கறுப்பு ஏறியிருந்தால், பார்த்த மாத்திரத்தில் விலை தெரிந்துவிடும்.

அடுத்து அந்த வட்டக் கழுத்துப்பட்டை. டச்சுக்காரர்களே அதை 'எந்திரக்கல் பட்டை' என்றுதான் சொல்கிறார்கள், மாவரைக்கும் கல் மாதிரி இருப்பதால். மெல்லிய லினன் துணியை மீட்டர் கணக்கில் எடுத்து, கஞ்சி போட்டு, சூடான இரும்புக் கோலால் மடிப்பு மடிப்பாக நிற்க வைக்க வேண்டும். ஒரு நாள் போட்டால் தளர்ந்துவிடும். அவிழ்த்துத் துவைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதைப் போட்டுக்கொண்டு குனிந்து எந்த வேலையும் செய்ய முடியாது. நமக்காகக் குனிய வீட்டில் வேறு ஆள் இருக்கிறது என்று அந்தப் பட்டை ஒன்றே சொல்லிவிடும்.

#3 மாலினி_டென்ஹாக்

தறிவீடு அண்ணா, அருமையாகச் சொன்னீர்கள். நான் இங்கே நெதர்லாந்தில், டென் ஹாக்கில் 20 வருடமாக இருக்கிறேன், மியூசியம் அட்டை வைத்துக்கொண்டு சுற்றுவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

உடுப்பில் இன்னொன்றையும் கவனியுங்கள். பெண்கள் மேலே போட்டிருக்கும், முன்பக்கம் திறந்த, கையில்லாத கறுப்பு அங்கிக்கு ஃப்லீகர் என்று பெயர். கல்யாணமான பெண்கள் மட்டும்தான் அதைப் போடலாம். படத்தில் அந்த அங்கியைக் கண்டால் அவள் மனைவி என்று தெரிந்துகொள்ளலாம், நம் ஊரில் தாலியைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

நிற்கிற இடமும் அப்படித்தான். தம்பதி படங்களில் ஆண் பெரும்பாலும் நமக்கு இடப்பக்கம், அதாவது மனைவிக்கு வலப்பக்கம் நிற்பார். வலப்பக்கம் மதிப்பான பக்கம். தனித்தனிப் பலகையில் வரைந்து ஜோடியாக மாட்டினாலும் இதே ஒழுங்குதான். மாசாவின் படமும் அதை மீறவில்லை. உட்கார்ந்த விதம் மட்டும்தான் புதுசு.

பிள்ளைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பாவாடை கட்டியிருந்தால் பெண் குழந்தை என்று முடிவு கட்டாதீர்கள். பையன்களுக்கும் 6, 7 வயது வரை பாவாடைதான். குச்சியோ சாட்டையோ இறகு வைத்த தொப்பியோ இருந்தால் பையனாக இருக்கலாம். கைக்குழந்தையிடம் சிவப்புப் பவளம் பதித்த கிலுகிலுப்பை இருக்கும். பல் முளைக்கும் ஈறுக்கு இதமாகவும் இருக்கும், கண்ணேறு படாமலும் காக்கும் என்று நம்பினார்கள். வெள்ளியிலோ தங்கத்திலோ செய்திருந்தால் குடும்பத்தின் கையிருப்பையும் அது சொல்லும்.

#4 ஏன்_என்று_கேள்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குறியீடு என்று சொல்லத் தொடங்கினால் எல்லையே இல்லாமல் போகிறது. நாய் இருந்தால் விசுவாசம், திராட்சை இருந்தால் கற்பு, ஆடு இருந்தால் காமம். ஒரு வீட்டில் நாய் இருந்தது, வரைந்தார்கள். அவ்வளவுதான் என்று ஏன் இருக்கக் கூடாது?

#5 தூரிகை

நியாயமான கேள்வி. திராட்சைக்கு மட்டும் எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். பல படங்களில் ஒரு பெண்ணோ பிள்ளையோ திராட்சைக் கொத்தை ஒரு தினுசாகப் பிடித்திருப்பார்கள். பழத்தைத் தொடாமல், காம்பை மட்டும் இரண்டு விரலால். யாராவது திராட்சை தின்னும்போது அப்படித் தூக்கிப் பிடிப்பார்களா? எடி டி யோங் என்ற டச்சு அறிஞர் 1974இல் இதை எடுத்து எழுதினார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் படித்த கவிஞர் யாக்கோப் காட்ஸின் நீதிப்பாடல் ஒன்றோடு இதே கையும் இதே கொத்தும் படமாக வருகிறது. பழத்தின் மேலிருக்கும் மெல்லிய பொடி கலையாமல் காம்பைப் பிடிப்பதுபோலப் பெண்ணின் மானத்தைக் காக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கல்யாணமான பெண் பிடித்திருந்தால் கணவனுக்கு உண்மையாக இருப்பது.

இதோடு பைபிளின் 128ஆம் சங்கீதமும் சேரும். மனைவி கனிதரும் திராட்சைக் கொடி, பந்தியைச் சுற்றி உட்காரும் பிள்ளைகள் ஒலிவக் கன்றுகள் என்று வரும் பகுதி. குடும்பப் படங்களின் பின்னணியில் திராட்சைக் கொடி ஏறிய சுவரைக் கண்டால் அன்றைக்கு அந்த வரி ஞாபகம் வராதவர்கள் குறைவு. கோயிலில் வாரா வாரம் கேட்ட வரி.

#6 ஏன்_என்று_கேள்

திராட்சையை ஒத்துக்கொள்கிறேன், பிடித்திருக்கும் விதம் சான்றாக இருக்கிறது. ஆனால் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் என்ற கலை வரலாற்று அறிஞர் 1983இல் மறுத்து எழுதியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டச்சு ஓவியர்களுக்கு முக்கியம் கண்ணால் கண்டதை அப்படியே விவரிப்பது, அடியில் நீதி ஒளிந்திருக்கிறது என்று தோண்டிக்கொண்டே போனால் மேலே இருப்பதைப் பார்க்க மறந்துவிடுவோம் என்பது அவர் வாதம். எனக்கு மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஐவி இலையின் பச்சையை ஹால்ஸ் எப்படித் தீட்டியிருக்கிறார் என்று யாரும் இன்னும் பேசவில்லையே.

#7 மாலினி_டென்ஹாக்

இரண்டும் சேர்ந்துதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரெம்பிராண்ட் 1641இல் வரைந்த கொர்னேலிஸ் அன்ஸ்லோ, அவர் மனைவி படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பெர்லினில் இருக்கிறது, நேரில் பார்த்தேன். அன்ஸ்லோ மென்னோனைட் சபையின் போதகர், ஆடம்பரம் கூடாது என்று சொல்லும் சபை. அதே சமயம் பெரிய துணி வியாபாரி. மேஜையில் திறந்த புத்தகம், மெழுகுவர்த்தி, பக்கத்தில் திரி வெட்டும் கத்தரி. கருகிய திரியை வெட்டினால்தான் சுடர் நன்றாக எரியும், அதேபோல ஒருவர் மற்றவரைக் கண்டித்துத் திருத்த வேண்டும் என்று விளக்குவார்கள்.

ஆனால் அந்த மேஜை விரிப்பைப் பாருங்கள். துருக்கிக் கம்பளம். தரையில் போடுவதற்கு மனசு வராமல் மேஜையில் விரிக்கும் விலை அதற்கு. போதகரின் அங்கி ஓரத்தில் ரோமம். லேஸ் ஒரு துளி இல்லை, பொன் இல்லை, சபையார் யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஆனால் வியாபாரிகள் பார்த்தால் புரிந்துகொள்வார்கள். அந்தப் படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன், அந்தக் கம்பளத்தை விட்டுக் கண் நகரவில்லை.

#8 தூரிகை

மாலினி அக்கா, என் கேள்விக்கு இதுதான் பதில் என்று தோன்றுகிறது. நான் பக்தி ஒரு பக்கம், பவிசு ஒரு பக்கம் என்று பிரித்துக் கேட்டேன். அந்த ஊரில் இப்படிப் படம் எழுதச் சொன்னவர்கள் பெரும்பாலும் பிரபுக்கள் அல்ல. துணி, பீர், தானியம், கப்பல் என்று ஒன்றிரண்டு தலைமுறையில் மேலே வந்தவர்கள். பரம்பரைப் பட்டம் கிடையாது. வாரா வாரம் பணத்தாசை பாவம் என்று கேட்கிறார்கள், வாரம் முழுக்கப் பணம் சேர்க்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: 'இது எங்கள் ஒழுக்கத்துக்குக் கடவுள் கொடுத்தது' என்று சொல்லும் ஒரு படம். திராட்சைக் கொத்து இருப்பதால்தான் முத்து மாலையைத் தைரியமாகப் போட்டுக்கொள்ள முடிகிறது.

ஜான் ஸ்டேன் 1655இல் வரைந்த டெல்ஃப்ட் நகரவாசியும் மகளும் படத்தில் இது அப்பட்டமாகவே இருக்கிறது. பெரிய மனிதர் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார், மகள் பட்டில் நிற்கிறாள், பக்கத்தில் ஒரு ஏழைப் பெண்ணும் பையனும் கையேந்தி நிற்கிறார்கள். ஏழைகளுக்குக் கொடுப்பவர் என்று காட்ட ஏழைகளும் அந்தப் படத்துக்குத் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

#9 தறிவீடு

அந்த மகள் அப்பாவைப் பார்க்கவே இல்லை, கவனித்தீர்களா? ஏழைகளையும் பார்க்கவில்லை. மூன்று முறை பார்த்தேன்.

#10 பழவேற்காட்டான்

தாமதமாக வருகிறேன். எங்கள் ஊரில் 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். சின்ன வயதில் அந்தப் பக்கம் போகவே பயம். உள்ளே கல்லறைகளின் மேல் குடும்பச் சின்னங்கள் பெரிதாகச் செதுக்கியிருக்கும். நீங்கள் பேசும் படங்களின் மேல் மூலையில் வரும் கேடயச் சின்னங்களும் இவையும் ஒரே வழக்கம்தான். சாவையும் அந்தஸ்தையும் ஒரே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் பேச வந்தது வேறொரு படத்தைப் பற்றி. யாக்கோப் கூமன் என்பவர் 1665இல் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், வரைந்த பீட்டர் க்நொல் குடும்பப் படம். க்நொல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூத்த வணிகர். மனைவி கொர்னேலியா, ஜப்பானின் ஹிராடோவில் கம்பெனித் தலைவராக இருந்த டச்சுக்காரருக்கும் ஒரு ஜப்பானியப் பெண்ணுக்கும் பிறந்தவர். இரண்டு மகள்கள். நால்வரும் ஹாலந்தில் இருப்பவர்கள் மாதிரியே உடுத்தியிருக்கிறார்கள், அந்த வெக்கையில். அவர்களுக்குப் பின்னால் நிழலில் இரண்டு அடிமைகள். பெண் கையில் பழக்கூடை.

நீங்கள் எல்லோரும் பழம் என்றால் பிள்ளைப்பேறு, வளம் என்றீர்கள். சரிதான். ஆனால் அந்தக் கூடையைத் தூக்கிப் பிடித்திருக்கும் பெண்ணின் கைக்கு அது வெறும் பாரம். அவளையும் ஒரு பொருளாகத்தான், கம்பளம் மாதிரி, முத்து மாதிரி, படத்தில் சேர்த்திருக்கிறார்கள். இத்தனை பேர் எங்களுக்கு வேலை செய்கிறார்கள் என்று காட்ட.

அந்த இருவரும் எந்த ஊர்க்காரர்கள் என்பதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பட்டேவியாவுக்குக் கம்பெனிக் கப்பலில் அடிமைகளாகப் போனவர்கள் ஏராளம். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பக்கம் போரும் பஞ்சமும் வந்தபோது ஆயிரக்கணக்கில் ஏற்றினார்கள். அதற்கு நாலு வருடம் கழித்து வரைந்த படம் இது. அதனால் எனக்கு அந்தப் படத்தில் நிழலில் நிற்பவர்கள்தான் முதலில் தெரிகிறார்கள்.

#11 மாலினி_டென்ஹாக்

பழவேற்காட்டான் அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. அந்தப் படத்தை நான் பல முறை கடந்து போயிருக்கிறேன். இனி அப்படிப் போக மாட்டேன்.

கொர்னேலியாவின் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். க்நொல் 1672இல் இறந்தார். பணக்கார விதவையான கொர்னேலியா 1676இல் யோஹன் பிட்டர் என்ற வழக்கறிஞரை மணந்தார். டச்சுச் சட்டப்படி மனைவியின் சொத்து கணவன் கைக்குள் வந்துவிடும். அந்தச் சொத்துக்காக ஏறக்குறைய 15 வருடம் வழக்கு நடந்தது. அதற்காகவே ஹாலந்துக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். படத்தில் அவ்வளவு நிமிர்ந்து நிற்கும் பெண்.

இன்னொன்று, ரெம்பிராண்ட் 1634இல் வரைந்த மார்ட்டென் சோல்மன்ஸ், ஓப்யென் கோப்பிட் ஜோடிப் படங்கள். தலை முதல் கால் வரை, இரண்டு மீட்டர் உயரம். அப்படி முழு உயரத்தில் வரைந்துகொள்வது அரச குடும்பமும் பிரபுக்களும் செய்கிற வேலை. மார்ட்டெனுக்கு அப்போது 21 வயது, அப்பா சர்க்கரை ஆலைக்காரர். காலணியில் லேஸ் வைத்த பெரிய ரோஜா முடிச்சு, முட்டைக்கோஸ் அளவு. 2016இல் பிரான்சும் நெதர்லாந்தும் சேர்ந்து 160 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கின. அந்தச் சர்க்கரை பிரேசிலில் அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது. 2021இல் ரெய்க்ஸ் மியூசியம் அடிமை முறை பற்றி நடத்திய கண்காட்சியில் இந்தப் படத்தை வைத்தே அதைச் சொன்னார்கள். படத்தில் ஒரு அடிமைகூட இல்லை. ஆனால் அந்த லேஸ் அவர்களுடையது.

#12 ஏன்_என்று_கேள்

இந்த இடத்தில் நான் என் பழைய வாதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். 'மேலே இருப்பதைப் பாருங்கள்' என்றேன். சர்க்கரை மேலே தெரியாது.

ஆனாலும் கண்ணால் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். ஹால்ஸ் 1620 வாக்கில் வரைந்த கத்தரீனா ஹூஃப்ட்டும் தாதியும் படம், அதுவும் பெர்லினில். குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும். பொற்சரிகை உடுப்பு, லேஸ் பட்டை, தங்கக் கிலுகிலுப்பை. தாதிக்குக் கறுப்பு உடுப்பு, லேஸ் இல்லாத வெள்ளைப் பட்டை, கையில் ஒரு பழம். அந்தஸ்து முழுக்கக் குழந்தையின் மேல் குவிந்திருக்கிறது. ஆனால் ஹால்ஸின் தூரிகை இரண்டு முகத்துக்கும் ஒரே அக்கறை காட்டியிருக்கிறது. தாதியின் கன்னத்துச் சிவப்பும், குழந்தை பக்கம் லேசாகச் சாயும் தலையும் எந்தக் குறியீட்டு அகராதியிலும் இல்லை. குழந்தையின் சின்னக் கை அவள் மார்பில் படிந்திருக்கிறது.

அந்தக் குழந்தை வளர்ந்து ஆம்ஸ்டர்டாம் மேயர் கொர்னேலிஸ் டி கிராஃபை மணந்தாள். 1660 வாக்கில் குடும்பத்தோடு சுஸ்ட்டைக் மாளிகைக்குக் கோச் வண்டியில் வந்து இறங்கும் படம் ஒன்று டப்ளினில் இருக்கிறது. தோமஸ் டி கைசர் ஆட்களை வரைந்தார், ரைஸ்டால் மரங்களை வரைந்தார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிலுகிலுப்பையில் தொடங்கி கோச் வண்டி வரை ஒரே பெண்ணின் வாழ்க்கை.

#13 பழவேற்காட்டான்

குழந்தைகள் என்றதும் கேட்கிறேன், சில படங்களில் மேகத்தில் சிறகு வைத்த குழந்தைகள் பறக்கிறார்களே, அது அலங்காரமா?

#14 மாலினி_டென்ஹாக்

இல்லை அண்ணா. இறந்துபோன பிள்ளைகள். நிகோலாஸ் மாஸ் 1659இல் டோர்ட்ரெக்ட் நகரில் வரைந்த கைட்டர் குடும்பப் படத்தில் அப்படி வருகிறார்கள். கீழே துறைமுகமும் அப்பா, அம்மா, உயிரோடிருக்கும் பிள்ளைகளும், மேலே வானத்தில் போய்விட்டவர்கள். குடும்பம் எத்தனை பேர் என்று கேட்டால் அவர்களையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். எனக்கு இந்தப் படங்களில் மிக நெருக்கமானது இதுதான். கம்பளமும் கறுப்பும் ஊருக்காக. இது அம்மாவுக்காக.

#15 தூரிகை

அதைப் படித்ததும் ஒரு படத்தைச் சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கிறது. மறுபடி ஹால்ஸ்தான். 1620களின் தொடக்கத்தில் ஹார்லெம் துணி வியாபாரி கெய்ஸ்பெர்ட் வான் கம்பனின் குடும்பத்தை வரைந்தார். கணவன், மனைவி, சுற்றிலும் ஒரு பட்டாளமே பிள்ளைகள், ஒரு மூலையில் ஆடு பூட்டிய சின்ன வண்டி. (ஆட்டுக்குக் கடிவாளம் போட்டால் ஆசைக்குக் கடிவாளம் என்ற விளக்கம் இதற்கும் உண்டு, ஏன்_என்று_கேள் கோபிக்க வேண்டாம்.)

பின்னாளில் யாரோ அந்தப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள். பெரிய துண்டு அமெரிக்காவில் டொலீடோவில், ஆட்டு வண்டிப் பிள்ளைகள் பிரஸ்ஸெல்ஸில், ஒரு பையனின் தலை மட்டும் தனியார் ஒருவரிடம். வெட்டிய பிறகு ஓரத்தில் மிச்சமிருந்த அரை உருவங்களை மேலே சாயம் பூசி மறைத்திருந்தார்கள். பிரஸ்ஸெல்ஸ் துண்டைச் சுத்தம் செய்தபோது அடியிலிருந்து அறுபட்ட பிள்ளைகள் வெளியே வந்தார்கள். 2018இல் டொலீடோவில் மூன்று துண்டையும் ஒரே அறையில் சேர்த்து மாட்டினார்கள்.

#16 தறிவீடு

ஐயோ, வெட்ட எப்படி மனசு வந்தது?

#17 தூரிகை

ஓவியம் வரைந்த துணி கெட்டுப்போய் நல்ல பகுதியை மட்டும் காப்பாற்ற வெட்டியிருக்கலாம். தனித்தனிப் படமாக மாட்டுவதும் சுலபம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கும் முந்தைய விஷயம். டொலீடோ துண்டின் இடது ஓரத்தில், கீழே, ஒரு சின்னப் பெண் குழந்தை உட்கார்ந்திருக்கிறாள். உற்றுப் பார்த்தால் மற்ற பிள்ளைகளோடு ஒட்டவில்லை என்று தெரியும். முகத்தில் ஹால்ஸின் வேகம் கிடையாது, சாயம் வழவழவென்று இழைந்திருக்கிறது. ஹால்ஸ் படத்தை முடித்த பிறகு பிறந்த குழந்தை அவள். இவளும் இதில் இருக்க வேண்டும் என்று வீட்டார் விரும்பி, சாலமன் டி பிரே என்ற இன்னொரு ஓவியரைக் கூப்பிட்டுச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சேர்த்துவிட்டு, தன் கையெழுத்தையும் 1628 என்ற வருடத்தையும் அந்தக் குழந்தையின் காலணியில் எழுதி வைத்திருக்கிறார்.